ஜாமீன் போட்டவர்கள் கட்டிய தவணை: கடனை வைத்துவிட்டு வெளிநாடு போன ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 2023 டிசம்பர் முதல் 2025 தொடக்கம் வரை நாங்கள் கையாண்ட விவகாரம். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், நிறுவனம், வங்கி எதுவும் இல்லை. பெரிய தொகைகள் கோப்பில் உள்ளபடி, ஆயிரத்துக்கு முழுமையாக்கப்பட்டவை.

பின்னணி

கடன் வாங்கியவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஒரு தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகளாக நிரந்தரப் பணி. மனைவி, ஒரு குழந்தை, அவரோடு இருந்த பெற்றோர். சம்பளம் கைக்கு வருவதற்குள் பாதி தவணையாகப் போய்விடும் நிலை. 2022 மார்ச்சில் அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது நான்கு இடங்களில் பாக்கி இருந்தது.

வங்கியில் தனிநபர் கடன், பாக்கி 4,10,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 1,90,000. தொழிற்சாலைப் பணியாளர்களின் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் 2,40,000. இதற்கு உடன் வேலை பார்த்த இருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான்காவது, அதே தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய 2,00,000. நூற்றுக்கு இரண்டு வட்டி. புரோநோட்டோடு தேதி போடாத, கையெழுத்திட்ட செக் ஒன்றும் அவரிடம் இருந்தது. மொத்தம் 10,40,000 ரூபாய்.

போவதைப் பற்றி வீட்டாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் ராஜினாமா கொடுத்தால் சங்கப் பாக்கியைத் தீர்த்து, பாக்கி எதுவும் இல்லை என்ற 'நோ டியூஸ்' சான்று வாங்க வேண்டும். அதனால் சம்பளமில்லா நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். இந்த ஒரு முடிவுதான் பின்னால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்தது என்பது என் கணிப்பு.

முதல் இருபது மாதங்கள்

ஏப்ரல் தவணை வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க முயன்று திரும்பியது. கணக்கில் கொஞ்சம் பணம் இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் 590 ரூபாய் கட்டணமாகக் கழிந்து, சில மாதங்களில் கணக்கு வெறுமையானது. ஜூலையில் 90 நாள் தாண்டியதும் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை, எண் செயலிழந்தது. அதன்பின் வங்கிச் செயலிக்குள் அவர் நுழையவே முடியவில்லை. ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். தன் பாக்கி எவ்வளவு என்பதை அவரே பார்க்க வழியில்லாமல் போயிற்று.

ஜூன் மாதத்திலிருந்து சங்கம் ஜாமீன்தாரர்கள் இருவரின் சம்பளத்திலும் தலா 4,500 ரூபாய் பிடிக்க ஆரம்பித்தது. ஜாமீன் பத்திரத்தில் அதற்கான ஒப்புதல் இருந்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128இன்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். முதலில் கடன்காரரைத் தேடிப் பிடித்து, அவர் கட்ட முடியாது என்று ஆன பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இருவரில் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதே சங்கத்தில் கடன் கேட்டபோது, நிலுவையில் உள்ள கடனுக்கு ஜாமீன் நிற்பவர் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்.

வசூல் ஏஜெண்டுகள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மனைவியின் அண்ணனுக்கும், கடன் விண்ணப்பத்தில் பெயர் எழுதியிருந்த ஒரு பழைய நண்பருக்கும் அழைப்புகள் போயின. "கணவர் வரலைன்னா உங்களைத்தான் உள்ளே வைப்பாங்க" என்று ஒருவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அது வெறும் மிரட்டல். அவர் கூட்டுக் கடன்தாரரும் அல்ல, ஜாமீன்தாரரும் அல்ல; மனைவி என்பதற்காக மட்டும் கணவரின் கடன் அவர்மேல் ஏறாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, கடன்காரரின் குடும்பத்தினர், பரிந்துரைத்தவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் மீண்டும் சுற்றறிக்கை விட்டிருந்தது. அதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பயத்தில், ஒரு ஏஜெண்ட் கொடுத்த எண்ணுக்கு மனைவி 15,000 ரூபாய் ஜிபே செய்தார்.

பெரியவர் ஆறு மாதம் பொறுத்தார். 2022 செப்டம்பரில் செக்கில் தேதியும் தொகையும் எழுதி வங்கியில் போட்டார். பணமில்லை என்று ரிட்டர்ன் ஆனது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138இன்படி, ரிட்டர்ன் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். எல்லாம் கெடு தவறாமல் நடந்தது. நோட்டீஸ் வந்த அன்று வீட்டில் இருந்த அப்பா, "அவன் இங்க இல்ல" என்று சொல்லி வாங்க மறுத்தார். வாங்காவிட்டால் வழக்கு நிற்காது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது மறுக்கப்பட்டால், சார்வு ஆனதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 2007இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சம்மன், பிறகு பிணையில் விடத்தக்க வாரண்ட், கடைசியில் 2023 ஆகஸ்டில் பிடிவாரண்ட்.

இது எதுவும் சிங்கப்பூருக்குப் போய்ச் சேரவில்லை. மனைவி சொல்ல முயன்றபோதெல்லாம் "மூணு வருஷம் போகட்டும், தானா போயிடும்" என்பதே அவருடைய பதில்.

விவகாரம் வெளிவந்த விதம்

அவருடைய பாஸ்போர்ட் 2024 நடுவில் காலாவதி ஆகவிருந்தது. 2023 நவம்பரில் சிங்கப்பூரிலேயே புதுப்பிக்க விண்ணப்பித்தார். இந்தியாவில் காவல் நிலைய விசாரணையில், நிலுவையில் குற்ற வழக்கும் பிடிவாரண்டும் இருப்பதாக அறிக்கை போனது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 6(2)இன்படி இந்த இரண்டு காரணங்களுக்காகவும் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். பாஸ்போர்ட் இல்லையென்றால் வேலை அனுமதியும் நீளாது. இரண்டாண்டுகளாக எடுக்காத அழைப்புகளுக்கெல்லாம் ஒரே விண்ணப்பத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

டிசம்பரில் மனைவியும் அவருடைய அண்ணனும் எங்களிடம் வந்தார்கள்.

நாங்கள் பார்த்தவை

மனைவி ஒரு துணிக்கடைப் பை நிறையக் கடிதங்கள் கொண்டுவந்தார். பெரும்பாலானவை பிரிக்கப்படாதவை. தபால் முத்திரைத் தேதிப்படி மேசையில் அடுக்கினோம். வங்கியின் முதல் இரண்டு கடிதங்கள் மரியாதையானவை. தவணையை மாற்றி அமைக்க விரும்பினால் கிளையை அணுகவும் என்று இரண்டிலும் ஒரு வரி இருந்தது. மூன்றாவதிலிருந்து தொனி மாறிவிட்டது. சங்கத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில், ஜாமீன்தாரர்களிடம் பிடித்தம் தொடங்கப் போவதாக முப்பது நாள் முன்னறிவிப்பு இருந்தது. அதுவும் பிரிக்கப்படவில்லை.

பையின் அடியில் இரண்டு தாள்கள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, வெளிநாட்டு வேலைக்காக ஏஜெண்டிடம் முன்பணம் கட்டிய ரசீது. மற்றொன்று புரோநோட்டின் நகல். ரசீதின் தேதி புரோநோட்டுக்குப் பதினோரு நாள் முந்தையது. பெரியவரிடம் அவர் சொன்ன காரணம், வீட்டின் ஓடு மாற்ற வேண்டும் என்பது.

எங்களுக்குக் கிடைத்த தாள்களிலேயே ஆபத்தானது இதுதான். கடனைக் கட்டாமல் போவது மட்டும் குற்றமாகாது. அது சிவில் விவகாரம். ஆனால் வாங்கும்போதே பொய்க் காரணம் சொல்லி, திருப்பித் தரும் எண்ணம் இல்லாமல் வாங்கினார் என்று காட்ட முடிந்தால், அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 420இன் கீழ் மோசடிப் புகார் கொடுக்க இடமுண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை. திருப்பித் தரும் எண்ணம் தனக்கு இருந்தது என்று அவர் சொல்கிறார். நான் அதை நம்புகிறேன். ஆனால் பதினோரு நாள் இடைவெளியை ஒரு நீதிபதி முன் விளக்குவது வேறு விஷயம். பெரியவரின் வக்கீல் செக் வழக்கோடு நிறுத்தியிருந்தார். அவர் கையில் ஏஜெண்ட் ரசீது இல்லை.

வீடியோ அழைப்பில் அவரிடம் பேசினோம். அவருடைய நம்பிக்கைகள் மூன்று. முதலாவது, மூன்றாண்டு கழிந்தால் கடன் காலாவதி ஆகும். இரண்டாவது, ஆள் இந்தியாவில் இல்லையென்றால் வழக்கு நகராது. மூன்றாவது, இந்தியா வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். அதற்குப் பயந்து இரண்டாண்டுகளாக ஊருக்கே வரவில்லை.

முதல் நம்பிக்கை பாதி உண்மை. பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்றாண்டுக் கெடு என்பது சரி. ஆனால் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பிரிவு 15(5)இன்படி, பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலம் அந்தக் கெடுவில் கணக்கில் வராது. கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அவர் எண்ணிய மாதங்கள் எதுவும் ஓடவே இல்லை. உள்ளூரில் இருந்திருந்தாலாவது ஓடியிருக்கும். இந்தப் பிரிவைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை; பிறகு, "அப்போ நான் இங்க இருக்கிறதே எனக்கு எதிரா?" என்று கேட்டார். கெடு விஷயத்தில் ஆமாம் என்றேன்.

இரண்டாவது நம்பிக்கையைப் பிடிவாரண்டே பொய்யாக்கிவிட்டது. மூன்றாவதில், பயம் சரி, காரணம் தவறு. நாலைந்து லட்ச ரூபாய் ஈடில்லாக் கடனுக்காக வங்கிகள் லுக் அவுட் சுற்றறிக்கை (ஒருவரை விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) கேட்பதை நாங்கள் பார்த்ததில்லை. (பொதுத்துறை வங்கிகள் தாமாகவே அதைக் கோரும் அதிகாரத்தை 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, இவர் வந்துபோன பிறகு வந்த தீர்ப்பு அது.) உண்மையான ஆபத்து உள்ளூர்க் காவல் நிலையத்தில் இருந்த பிடிவாரண்ட்.

இன்னொன்றும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வங்கித் தவணை சுமார் 14,000, சங்கம் 9,000, புரோநோட்டு வட்டி 4,000, கார்டுக்கு 10,000 என்று வைத்தால் மாதம் 37,000. சிங்கப்பூர்ச் சம்பளத்தில் அங்குள்ள செலவும் வீட்டுக்கு அனுப்பியதும் போக, ஏழாவது மாதத்திலிருந்து அவர் கையில் சுமார் 60,000 மிஞ்சியிருக்கிறது. முதல் ஆறு மாதம் வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டுக்கு வைத்திருந்த பாக்கியிலேயே போய்விட்டது. அவரால் கட்ட முடியாத காலம் அந்த ஆறு மாதம் மட்டுமே. ஆறு மாத அவகாசம் கேட்க வேண்டிய இடத்தில் அவர் ஆளே தெரியாமல் போய்விட்டார். ஏழாவது மாதம் பணம் வந்தபோது, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு பேசுவது என்ற தயக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தொழிலில் நான் பார்க்கும் பெரும்பாலான 'ஓடிப்போன' கதைகளில் பணத் தட்டுப்பாட்டுக்குக் காலம் குறைவு. வெட்கத்துக்குத்தான் காலம் நீளம்.

எடுத்த முடிவுகள்

அவர் கையில் 3,20,000 சேமிப்பு இருந்தது. யாருக்கு முதலில் என்பதில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. கார்டுக்காரர்களை முதலில் முடித்துவிடலாம் என்றார் அவர். வீட்டுக்கு வந்து சத்தம் போடுவது அவர்கள்தான். மனைவி வேறு மாதிரி சொன்னார்: "சத்தம் போடறவங்களுக்குக் கொடுத்தா சத்தம் போடாதவங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க. அந்த அண்ணன் பொண்ணு ஃபீஸ் கட்ட நகை அடகு வச்சாங்க, எனக்குத் தெரியும்."

எங்கள் முடிவும் மனைவி சொன்ன பக்கமே நின்றது. வட்டி விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் கார்டுதான் முதலில் வரும். புத்தகங்கள் அப்படித்தான் சொல்லும். ஆனால் இங்கே வட்டியைவிட முக்கியமான கேள்வி, இந்தக் கடனை இப்போது யார் சுமக்கிறார்கள் என்பது. வங்கியின் வாராக்கடனை வங்கி சுமக்கிறது. அதற்கான ஒதுக்கீடு அதன் கணக்கில் உண்டு. சங்கக் கடனை இரண்டு தொழிலாளர்கள் சுமக்கிறார்கள். அவர்கள் கட்டியது அன்பளிப்பும் அல்ல. கட்டிய தொகையைக் கடன்காரரிடம் கேட்டு வழக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே வரிசை இப்படி அமைந்தது: முதலில் செக் வழக்கும் பிடிவாரண்டும். பாஸ்போர்ட் அதில் தொங்குகிறது. பாஸ்போர்ட் இல்லையென்றால் வருமானம் இல்லை. வருமானம் இல்லையென்றால் யாருக்கும் பணம் இல்லை. அடுத்து சங்கப் பாக்கியை முழுதாக அடைத்துப் பிடித்தத்தை நிறுத்துவது, பிறகு ஜாமீன்தாரர்களுக்குத் திருப்பித் தருவது. அதன்பின் வங்கி. கடைசியில் கார்டு.

பெரியவரிடம் வட்டியில் பேரம் பேச வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம்; பேசினால் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பதினோரு நாள் இடைவெளி என் மனதில் இருந்தது. அவர் கோபப்பட்டுத் தோண்ட ஆரம்பிக்க நாங்களே காரணம் கொடுக்கக் கூடாது.

ஜாமீன்தாரர்கள் இருவரிடமும் கடன்காரர் நேரடியாகப் பேச வேண்டும், அலுவலகத்திலிருந்து பேசக் கூடாது என்றும் முடிவு செய்தோம். இதற்குத்தான் அவர் அதிகம் தயங்கினார். பிடிவாரண்டுக்கு நீதிமன்றத்தில் ஆஜராகக்கூட ஒத்துக்கொண்டார். இந்த இரண்டு போன்களை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

நடந்தவை

2024 பிப்ரவரியில், காலாவதியாகாத பழைய பாஸ்போர்ட்டில் ஊருக்கு வந்தார். விமான நிலையத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இதை மற்றவர்கள் உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துத்தான் தேதி குறித்தோம். மறுநாளே வக்கீலோடு நீதிமன்றத்தில் ஆஜராகி, வாரண்டை ரத்து செய்ய மனு கொடுத்தார். நீதிபதி கண்டித்துவிட்டு, பிணைப் பத்திரத்தின் பேரில் ரத்து செய்தார்.

அன்றே பெரியவருக்கு 1,50,000 கொடுக்கப்பட்டது. பாக்கி 1,10,000 மார்ச் மாதம் தேசிய மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) வைத்துக் கொடுப்பது என்று பேசி, வழக்கை அங்கே அனுப்பினோம். செக் வழக்கில் சமரசத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தின் முடிவுக்கு மேல்முறையீடும் கிடையாது என்பதால், பின்னால் யாரும் கிளற முடியாது. மொத்தம் 2,60,000. அமர்வு முடிந்து வெளியே வரும்போது பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "ஓடு மாத்தணும்னு சொன்னியே தம்பி, மாத்தினியா?" இவர் இல்லை என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஏஜெண்ட் ரசீதைப் பற்றி அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

மக்கள் நீதிமன்ற உத்தரவின் நகலைக் காவல் நிலையத்திலும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடும் சேர்த்தோம். மறு விசாரணை அறிக்கை சாதகமாகப் போய், பழையது காலாவதி ஆவதற்கு முன்பே புதிய பாஸ்போர்ட் வந்தது.

சங்கத்தில் அதுவரை ஜாமீன்தாரர்கள் தலா 90,000, ஆக 1,80,000 கட்டியிருந்தார்கள். வட்டி, அபராத வட்டி சேர்த்து மீதி 1,12,000 என்றார்கள். மார்ச்சில் ஒரே தொகையாகக் கட்டி, கடன் தீர்ந்த சான்றும் ஜாமீன் பத்திரங்களின் ரத்தும் எழுத்தில் வாங்கினோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இருவருக்கும் மாதம் 15,000 வீதம் திரும்பிப் போனது. முதலாமவர், போனில் கொஞ்சம் திட்டிவிட்டு, பிறகு சகஜமாகிவிட்டார். மகளுக்காக நகை அடகு வைத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டார், பேசவில்லை. அடகு வட்டியையும் சேர்த்துத் தர முன்வந்தபோது, "பிடிச்சது தொண்ணூறு, தொண்ணூறு போதும்" என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினார்.

வங்கிப் பாக்கி அதற்குள் 5,70,000 ஆக ஏறியிருந்தது. 3,30,000க்கு செட்டில்மென்ட், மூன்று தவணை. இங்கே இரண்டு நிபந்தனைகளில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். தொகையும் தேதிகளும் எழுதி, வங்கியின் தலைப்புத்தாளில் அதிகாரியின் கையெழுத்தோடு கடிதம் வந்த பிறகே முதல் ரூபாய்; பணம் கடன் கணக்குக்கே நேராகப் போக வேண்டும், எந்த ஏஜெண்டின் கைக்கும் அல்ல. கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தபோது மனைவி ஜிபே செய்த 15,000 அதில் இல்லை. புகார் கொடுத்தோம். அந்த ஏஜெண்ட் இப்போது தங்களிடம் இல்லை, பணம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று பதில் வந்தது. ரசீது இல்லாததால் அதற்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

கார்டு பாக்கி, மாத வட்டி ஏறி ஏறி நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2025 ஜனவரியில் 1,10,000க்கு முடிந்தது.

கூட்டிப் பார்த்தால் அவர் கட்டியது 9,92,000. பயணமும் வழக்குச் செலவும் சுமார் 60,000. ஏஜெண்ட் கொண்டுபோன 15,000. ஆக 10,67,000. போகும்போது இருந்த பாக்கி 10,40,000. இதைப் பார்த்து, 'மூன்றாண்டு வட்டி மிச்சம்தானே, ஓடினது லாபம்தானே' என்று சிலர் கேட்கிறார்கள். மனைவியின் அண்ணனே கேட்டார். வங்கியும் கார்டும் விட்டுக்கொடுத்த தொகையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தச் சலுகையில் ஒரு பகுதியை இருபது மாதம் வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்கள் ஜாமீன்தாரர்கள். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இரண்டு கணக்கும் 'செட்டில்டு' என்றே நிற்கின்றன. முழுதாகக் கட்டி முடித்த கணக்குக்கு வரும் 'குளோஸ்டு' வேறு, இது வேறு; புதிதாகக் கடன் தருபவர் இதைப் பார்த்ததுமே யோசிப்பார். இந்த விவரம் பல ஆண்டுகள் அழியாது. அவர் வீடு கட்ட நினைத்திருந்தார். கடனில் கட்டுவது இப்போதைக்கு நடக்காது. தொழிற்சாலையில் எட்டாண்டுப் பணி, சொல்லாமல் நின்றவர் என்ற பதிவோடு முடிந்தது.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் ஒருவர் கிளம்புவதற்கு முன்பே வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, மொத்தக் கடன் எவ்வளவு என்பதை அல்ல. யாரெல்லாம் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், யாரிடம் உங்கள் செக் இருக்கிறது என்பதைத்தான். அந்த இரண்டு பட்டியலில் உள்ளவர்களிடம் விமானம் ஏறுவதற்கு முன் பேசியாக வேண்டும். இந்த நிகழ்வில் அது மூன்றே பேர். "ஆறு மாசம் வட்டி மட்டும் தரேன், அப்புறம் அசல்" என்று சொல்லியிருந்தால் பெரியவர் ஒத்துக்கொண்டிருப்பார் என்பது அவரே மக்கள் நீதிமன்றத்தில் சொன்னது.

வங்கியிடம் தவணையை மாற்றி அமைக்கக் கேட்பதற்கும் அதுதான் நேரம். வாராக்கடன் ஆகும் முன் கேட்பவரையும் ஆன பிறகு கேட்பவரையும் வங்கி ஒரே மாதிரி நடத்துவதில்லை. வெளிநாடு போவதைக் கிளையில் சொல்லி, சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது அந்நியச் செலாவணி விதிகளின்படி எப்படியும் செய்ய வேண்டியது; அதைச் செய்யும் சாக்கில் கடனையும் பேசிவிடலாம். தவணை எடுக்கும் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் போகும்படி ஏற்பாடு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்திய எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இவருடைய சிம் செயலிழந்த பிறகு வங்கி, கார்டு, பிஎஃப் எல்லாவற்றிலும் நுழைவு அடைபட்டது. அதைத் திரும்பத் திறக்க மட்டுமே அவர் ஊரில் இருந்த நாட்களில் கணிசமான நேரம் போனது.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது தனி. வரும் தபாலை வாங்கிப் பிரித்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். மறுப்பதால் எதுவும் நிற்காது. வசூலுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் கேட்கலாம். மிரட்டினால் தேதி, நேரம் குறித்துக்கொண்டு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். தனி நபர் எண்ணுக்குப் பணம் அனுப்பக் கூடாது.

எங்கள் வரிசையில் ஒன்றை மட்டும் அடுத்த முறை மாற்றிப் பார்க்க நினைக்கிறேன். சங்கத்தின் மீதியை அடைத்த பிறகே ஜாமீன்தாரர்களுக்குப் பணம் திரும்ப ஆரம்பித்தது. பிடித்தத்தை நிறுத்துவது அவசரம் என்பது அதற்கான காரணம், அது சரியும்கூட. ஆனால் பிப்ரவரியில் பெரியவருக்கு ஒன்றரை லட்சம் போனபோதே, இருவருக்கும் தலா பத்தாயிரமாவது கையில் கொடுத்து, மீதி எப்போது வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். பெரியவருக்குப் பணம் கிடைத்த செய்தி தெருவில் பரவி, தொழிற்சாலைக்கும் போனது. வழக்குப் போட்டவருக்குத்தான் பணம் வருகிறது, பொறுத்துக்கொண்டவனுக்கு இல்லை என்று இரண்டாவது ஜாமீன்தாரர் அங்கே சொல்லியிருக்கிறார். அவருக்கு முதல் 15,000 போய்ச் சேர்ந்தது ஏப்ரல் முதல் வாரத்தில்.